கைப்புழக்கம்: பக்கவாத மீட்சியை அளக்க ஒரு சொல்

அன்புடையீர், வணக்கம்.

பக்கவாதம் வந்தவரின் இரு மணிக்கட்டுகளிலும் முடுக்கமானி என்ற, அசைவை உணரும் சிறு கருவியைக் கட்டி, நாள் முழுவதும் கைகள் இயங்கும் நேரத்தைக் கணக்கிடும் முறைக்குக் 'கையசைவு அளவீடு' என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. கருவி பதிவது அசைவைத்தான் என்பதால் அது பிழையன்று. ஆயினும் சிகிச்சை தருபவர் அறிய விரும்புவது வெறும் அசைவை அன்று. நடக்கையில் கை தானே வீசும். வல்லம் அலையில் ஆடினால் மடியில் சும்மா கிடக்கும் கையும் சேர்ந்து ஆடும்.

பாம்பனில் என் பெரியப்பாவுக்கு வலப்பக்கம் வாதம் அடித்தது. நான்காம் மாதம் இயன்முறை மருத்துவர் சொன்னபோது வலக்கையைத் தோள்வரை உயர்த்தினார், மேசைமேல் இருந்த மரக்கட்டையை எடுத்து வைத்தார். வீட்டில் வலை பொத்த உட்கார்ந்தாலோ, வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துக்கொண்டு, ஊசியை இடக்கையில் பிடித்து, முடிச்சைப் பல்லால் இறுக்குவார். வலக்கை மடியைவிட்டு எழாது. "கை தூக்குது, ஆனா புழங்க மாட்டேங்குது" என்றார் பெரியம்மா. நமக்கு வேண்டிய சொல் அதில் இருக்கிறது.

பக்கவாதத்துக்குப் பின் உடலியக்கம் எவ்வளவு மீண்டது என்று மதிப்பிட 1975இல் வெளியான ஃபூகல்-மேயர் அளவுகோல், ஒவ்வொரு கூறுக்கும் 0, 1, 2 என மதிப்பிட்டு, கைக்கு மொத்தம் 66 புள்ளிகள் தருகிறது. அது காட்டுவது கையின் இயலுமை. அந்த இயலுமை அன்றாட வேலையில் இறங்கியதா என்பதே புழக்கம். பெட்டியில் பணம் இருப்பதும் பணப்புழக்கமும் வேறுவேறு என்பதைப் போல. ஆகவே அளக்க விரும்பும் பொருளுக்குக் 'கைப்புழக்கம்' என்றும், பாதித்த கை இயங்கிய நேரத்தை மற்றக் கை இயங்கிய நேரத்தால் வகுத்துப் பெறும் எண்ணுக்குக் 'கைப்புழக்க விகிதம்' என்றும் வைக்கலாம். நலமாக இருப்பவர்களிடம் இவ்விகிதம் 1ஐ ஒட்டியே இருக்கும். கருவிக்குக் 'கையசைவுப் பதிவி' என்ற பெயரே பொருந்தும். அது அசைவை மட்டுமே அறியும் என்பதைப் பெயரே நினைவூட்டிவிடும்.

கை செயல்படவில்லை என்ற பொருளில் வரும் 'கை வழங்கவில்லை' என்ற பேச்சுவழக்கை வைத்துக் 'கைவழங்கல்' என்றும் எண்ணிப் பார்த்தேன்; இன்றைய வாசகருக்கு அது பொருள் வழங்குவதாகவே படும். கைச்செலவுக்கு வைத்திருக்கும் பணத்தையும் கைப்புழக்கம் என்பதுண்டு, ஆனால் மருத்துவக் குறிப்பில் அந்தக் குழப்பம் நேராது. 'பயன்பாடு' பொதுவான சொல், ஒருமுறை பயன்படுத்தினாலும் அது பயன்பாடுதான். திரும்பத் திரும்பக் கையாள்வதைப் 'புழக்கம்' மட்டுமே சொல்கிறது.