ரவிவர்மாவின் சகுந்தலை நாடகப் படமா?

பார்டர் பரோட்டா:
பழைய நாடகக் காட்சிகளின் அச்சுப்படங்கள் சேர்க்கிறேன். பெரும்பாலும் லண்டன் மேடையைக் காட்டும் செப்புத்தகட்டு அச்சுகள், கொஞ்சம் ஜப்பானியக் கபுகி நாடக அச்சுகள். போன வாரம் புனலூரில் ஒரு பழைய சாமான் கடையில் கண்ணாடி போட்ட ரவிவர்மா படம் கிடைத்தது. சகுந்தலை தாமரை இலையில் கடிதம் எழுதும் காட்சி. ஆல்பத்தில் சேர்க்கலாமா என்று கேட்டால் தென்காசி நண்பர் ஒருவர் சிரிக்கிறார். காளிதாசன் நாடகத்தின் மூன்றாம் அங்கம்தானே இது? ஏன் சேரக்கூடாது?

குற்றாலச்சாரல்:
சிரித்தது நான்தான். எந்தக் கம்பெனி போட்ட நாடகம்? சகுந்தலையாக நின்றது யார்? எந்த ஊர்க் கொட்டகை? ஒன்றுக்கும் பதில் கிடையாது. கதை நாடகத்திலிருந்து வந்துவிட்டால் படமும் நாடகப் படம் ஆகிவிடுமா? கபுகி அச்சுகளைப் பாருங்கள். உடையில் நடிகரின் குடும்பச் சின்னம் இருக்கும், அதை வைத்தே ஆளைச் சொல்லிவிடலாம். நாடகம் ஓடும்போதே அச்சடித்து விற்றார்கள். அது சாட்சி. ரவிவர்மா படத்தைக் கூடத்தில் மாட்டுங்கள், எனக்கும் பிடிக்கும்.

பார்டர் பரோட்டா:
சாட்சியா? உங்கள் வீட்டில் ஆங்கில ஓவியர் ஹோகார்த்தின் மூன்றாம் ரிச்சர்ட் தொங்குகிறதே, ஷேக்ஸ்பியர் நாடகத்து ராஜா! லண்டன் நடிகர் காரிக் 1741இல் நடித்துப் பேர் வாங்கிய வேடம், 1746இல் வந்த அச்சு. அதில் மேடைப் பலகை எங்கே, விளக்கு எங்கே? கூடாரத்துக்குப் பின்னால் நிஜமான படைப் பாளையமல்லவா தெரிகிறது. அப்புறம் நீங்கள் தூக்கிவைத்துப் பேசும் ‘பிச்சைக்காரர் ஆப்பரா’. லண்டன் பாட்டு நாடகம், அரங்கேறியது 1728இல். வில்லியம் பிளேக் செதுக்கிய அச்சு வந்தது 1790இல். பிளேக் பிறந்ததே 1757. பிறக்காதவர் வந்து சாட்சி சொன்னாரா?

குற்றாலச்சாரல்:
பிளேக் ஹோகார்த்தின் ஓவியத்தைப் பார்த்துச் செதுக்கியவர், அவ்வளவுதான். ஓவியம் அந்த நாடகத்தின் பேச்சு அடங்காத காலத்தது. நடுவில் விலங்கோடு கதாநாயகனான கொள்ளைக்காரன் மெக்ஹீத். இரண்டு பக்கமும் மண்டியிட்டு அப்பன்மாரிடம் கெஞ்சும் இரண்டு பெண்கள். ஓரங்களில் மேடை மேலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் கனவான்கள்! அதிலும் அந்தப் பெண்களில் ஒருத்தியான பாலியாக நடித்த லவினியா ஃபென்டனின் பார்வை அப்பனைத் தாண்டி போல்டன் பிரபுவிடம் போகிறது. ஊரே பேசிய சங்கதி அது. பிற்பாடு 1751இல் அவரையே மணந்தார். கிசுகிசுகூடப் படத்தில் ஏறியிருக்கிறது ஐயா. சகுந்தலை படத்தில் அப்படி ஒரு ஆளைக் காட்டுங்கள் பார்ப்போம்.

ரிச்சர்ட் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அதில் மாட்டிக்கொண்டேன்.

படுதாக்காரர் மகன்:
தம்பிகளா, நாடக நடிகர் கிட்டப்பா பிறந்த செங்கோட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு லண்டன் வழக்கு நடத்துகிறீர்கள். என் அப்பா நாடகங்களுக்குச் சீன் எழுதியவர், மேடைக்குப் பின்னால் தொங்கும் படுதாவில் காட்சி வரைபவர். காட்டுப் படுதா, தர்பார் படுதா எல்லாம் எங்கள் வீட்டு முற்றத்தில்தான் காயும். பக்கத்தில் ஒரு ரவிவர்மா படம் சாய்த்து வைத்திருக்கும். தூண், மரம், மேகம் எல்லாம் அதைப் பார்த்துத்தான் எழுதுவார். ஸ்திரீபார்ட், அதாவது பெண் வேடம், போடுகிறவரும் வந்து சேலைக்கட்டைப் பார்த்துவிட்டுப் போவார். மேடையைப் பார்த்துப் படம் வந்ததா என்று நீங்கள் கேட்கிறீர்கள். நான் கண்டது படத்தைப் பார்த்து மேடை வந்ததை. 1894இல் ரவிவர்மா பம்பாயில் அச்சகம் வைத்ததால்தான் அது எங்கள் முற்றம் வரை வந்தது. ஓவியர் கொண்டையராஜுவும் நாடகத்துக்குச் சீன் எழுதிக்கொண்டு கோவில்பட்டிக்கு வந்தவர்தான். அப்புறம் அவருடைய சாமி படங்கள் சிவகாசிக் காலண்டர்களில் வீடு வீடாகப் போயின.

குற்றாலச்சாரல்:
அண்ணாச்சி சொல்வது என் கட்சிக்குத்தான் பலம். மேடைக்கு முன்னால் வந்தது மேடையின் பதிவு ஆகாது. அதற்குத் தனி ஆல்பம் போடுங்கள், நானே படம் தேடித் தருகிறேன். அதிருக்கட்டும், லென்ஸ் வைத்துப் பார்த்தீர்களா? அந்தக் காலத்துப் படம் கல்லச்சு, நிறத்துக்கு ஒரு கல். புள்ளிகள் மணல் தூவினாற்போல் ஒழுங்கில்லாமல் கிடக்க வேண்டும்.

பார்டர் பரோட்டா:
இப்போதுதான் பார்த்தேன். புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஆஃப்செட், பிற்கால இயந்திர அச்சு. என்ன விலை கொடுத்தேன் என்று யாரும் கேட்க வேண்டாம்.

படுதாக்காரர் மகன்:
கீழ் ஓரத்தில் சிவகாசி என்று போட்டிருக்கிறதா பார் தம்பி. இருந்தால் எனக்குக் கொடுத்துவிடு.