வெள்ளறுகா, நிலவேம்பா? சாடியில் வளருமோ?

முல்லைக்கரை:
வணக்கம். முல்லைத்தீவுப் பக்கம் கடற்கரை மணலில முழங்காலுக்குக் கீழ ஒரு பூண்டு நிக்குது. இலை கடுங்கைப்பு. வெள்ளறுகு எண்டும் சொல்லுகினம், நிலவேம்பு எண்டும் சொல்லுகினம். எப்பிடிப் பிரிச்சறியிறது? விதை எடுத்துச் சாடியில வளர்க்க ஏலுமோ?

பூண்டுக்காரன்:
கைப்பை வைச்சு முடிவெடுக்காதேங்கோ. இரண்டும் கைக்கும், இரண்டிலயும் தண்டு நாலு பட்டை, இலை எதிரெதிர். பூ எங்க இருக்கெண்டு பாருங்கோ. வெள்ளறுகில காம்பில்லாத சின்ன வெள்ளைப் பூக்கள் இலைக்கக்கத்தில, அதாவது இலை தண்டோட சேருற மூலையில, தண்டைச் சுத்திக் கொத்தாய் ஒட்டியிருக்கும். குழல் வடிவம், நுனியில 5 மடல். நிலவேம்புப் பூ மெல்லிய கிளைகளில தள்ளித் தள்ளி நிக்கும், இரண்டு உதடாய்ப் பிளந்து உள்ளே ஊதாக்கறை இருக்கும்.

பூ இல்லையெண்டால் இலையை வெயிலுக்கு நேரே பிடியுங்கோ. வெள்ளறுகில அடியிலிருந்து 3 நரம்பு நீளப்பாட்டுக்கு ஓடும். நிலவேம்பில நடுநரம்பிலிருந்து பக்க நரம்புகள் கிளைக்கும்.

ஏட்டுச்சுவடி:
குடும்பமே வேறை. நிலவேம்பு ஆடாதோடையின்ர இனசனம். வெள்ளறுகு ஜென்சியன் குடும்பம். பேரினம் எனிகோஸ்டெமா, 1826இல புளூம் எண்ட தாவரவியலாளர் வைச்ச பெயர். அதுக்குள்ள 3 இனந்தான்: ஒண்டு அமெரிக்க வெப்பநாடுகளில, ஒண்டு மடகஸ்காரில, மற்றது எங்கட அக்சிலாரே. அந்தப் பெயரே 'கக்கத்தில' எண்டுதான் சொல்லுது. பழைய புத்தகங்களில லிட்டொராலே, அதாவது கரையோரத்தது, எண்டு கிடக்கும். அறுகம்புல்லுக்கும் இதுக்கும் பெயரை விட்டால் ஒரு சொந்தமுமில்லை.

மணற்காடு:
காய் பழுப்பானதும், வெடிக்கமுன்னம், தண்டோட நறுக்கிக் கடதாசிப் பையில தலைகீழாய்க் கட்டுங்கோ. விதை தூள் மாதிரி. 1 பங்குக்கு 10 பங்கு காய்ஞ்ச மணல் கலந்து தூவுங்கோ. மேல மண் போடவேண்டாம். இவ்வளவு சின்ன விதைக்கு முட்டிக்கொண்டு வரப் பலமில்லை. வாளியால ஊத்தினால் எல்லாம் ஒரு மூலையில ஒதுங்கும். சாடியைத் தண்ணித் தட்டில வையுங்கோ, மேல்மண் நனைஞ்ச உடனே எடுத்துவிடவேணும்.

கலவை 3 பங்கு மணல், 1 பங்கு தோட்டமண். குளத்துக் களியைக் கலந்தால் தண்ணி தேங்கி, நாற்று அடித்தண்டில அழுகிச் சரியும். மாரியில கூரைக்குக் கீழ வையுங்கோ.

பூண்டுக்காரன்:
பல்லாண்டுப் பூண்டு, வேரோட பிடுங்காதேங்கோ. 5 சென்ரிமீற்றர் விட்டு வெட்டினால் திரும்பத் தளிர்க்கும். சீனி வருத்தத்துக்குக் குளிசை எடுக்கிறவை தாங்களாய்க் கசாயம் போடக்கூடாது. இது இரத்தச் சீனியைக் குறைக்கிறது ஆய்வுகளில பதிவாகியிருக்கு. குளிசையும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம்.

முல்லைக்கரை:
3 நரம்பு தெரியுது. பூவும் கக்கத்திலதான். காய் இன்னும் பச்சை.

மணற்காடு:
அப்ப வெள்ளறுகுதான். பச்சைக்காயை நறுக்கவேண்டாம், விதை முத்தியிராது.