பியூச்சர்ஸ் மென்பொருளுக்கு ஆட்டோமேட்டட் டெஸ்ட் தேவையா, ஒரு லாட் போட்டுப் பார்த்தால் போதாதா?

குடமுருட்டி (கும்பகோணம்)

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு தரகு நிறுவனத்துக்கு பியூச்சர்ஸ் (பின்னால் ஒரு தேதிக்கு இன்ன விலை என்று இன்றே போடும் ஒப்பந்தம்) ஆர்டர் அனுப்பும் மென்பொருள் எழுதுகிறோம். எம்சிஎக்ஸ் பண்டச் சந்தையில் தங்கம், வெள்ளி, கச்சா எண்ணெய், என்எஸ்இ பங்குச் சந்தையில் நிஃப்டி குறியீடு. லைவ் போவதற்கு முன்னால் ஆட்டோமேட்டட் டெஸ்ட் (நம் நிரலைத் தானாக ஓட்டிச் சரிபார்க்கும் இன்னொரு நிரல்) எழுத ஒரு மாதம் கேட்டேன். "ஒரு மாசச் சம்பளம் கொடுத்து, விற்க முடியாத ப்ரோக்ராம் எழுதணுமா?" என்கிறார் முதலாளி. இந்தக் குழுவில் சிலருக்குச் சந்தை தெரியும், சிலருக்கு நிரல் தெரியும். எதற்கு டெஸ்ட் எழுத வேண்டும், எதை விட்டுவிடலாம்?

அரசலாறு

தம்பி, உங்கள் முதலாளி சொல்வதில் நியாயம் இருக்கிறது. டெஸ்ட் எழுதப்போவது யார்? நிரல் எழுதிய அதே ஆள். சந்தையைப் பற்றி அவருக்குத் தப்பான எண்ணம் ஒன்று இருந்தால் அது நிரலிலும் இருக்கும், டெஸ்டிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போய் திரையில் பச்சை எரியும். போலி எக்ஸ்சேஞ்ச் ஒன்றை நீங்களே எழுதிக்கொள்வீர்கள், அதுவும் நீங்கள் நினைத்தபடியே பதில் சொல்லும். அதனால் என்ன தெரிந்துவிடப் போகிறது?

எம்சிஎக்ஸ்-இன் சின்னத் தங்கக் கான்ட்ராக்ட்டான கோல்ட் பெடலில் ஒரு லாட் (ஆர்டரின் குறைந்தபட்ச அளவு) ஒரு கிராம்தான். வாங்குங்கள், விற்றுவிடுங்கள், கான்ட்ராக்ட் நோட்டோடு (தரகர் தரும் வர்த்தக ரசீது) ஒப்பிட்டுப் பாருங்கள். அரை நாள் வேலை. எனக்கு இத்தனை வருஷமாக அதுதான் டெஸ்ட்.

வெண்ணாறு (மன்னார்குடி)

அண்ணே, போலி எக்ஸ்சேஞ்ச் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் சோதிக்க கோல்ட் பெடலையா எடுப்பது? அதில் விலை ஒரு கிராமுக்கு, லாட்டும் ஒரு கிராம். பெருக்க வேண்டிய எண் 1. நிரலில் பெருக்கலே இல்லாவிட்டாலும் விடை சரியாக வந்து நிற்கும்!

பெரிய தங்கத்தில் விலை பத்து கிராமுக்கு, லாட் ஒரு கிலோ. ஒரு ரூபாய் ஏறினால் லாட்டுக்கு 100 ரூபாய். வெள்ளியில் விலை கிலோவுக்கு, லாட் 30 கிலோ. அதனால் 30 ரூபாய். கச்சா எண்ணெயில் லாட் 100 பீப்பாய், 100 ரூபாய். இந்த விடைகளைக் கையால் கணக்குப் போட்டு டெஸ்டில் எழுதி வையுங்கள். நிரலைக் கூப்பிட்டு விடை வாங்கி அதையே டெஸ்டில் ஒட்டக் கூடாது.

ஒரு லாட் போட்டுப் பார்ப்பதில் இன்னொரு குறை. இன்றைய சந்தை இன்று நடப்பதைத்தான் காட்டும். 2020 ஏப்ரல் 20 ஞாபகம் இருக்கிறதா? ஊரடங்கு காரணமாக எம்சிஎக்ஸ் மாலை 5 மணிக்கே மூடியது. அதன் பிறகு இரவில் நியூயார்க்கில் மே மாத டபிள்யூடிஐ (அமெரிக்கக் கச்சா எண்ணெய்) பீப்பாய்க்கு −37.63 டாலரில் செட்டில் ஆனது, அதாவது அன்றைய கணக்கு முடிக்கும் விலை அது. அதையொட்டி நம் எம்சிஎக்ஸ் ஏப்ரல் கான்ட்ராக்ட்டின் செட்டில்மென்ட் விலை −2,884 ரூபாய். விலையைக் குறி இல்லாத எண்ணாக வைத்திருந்த நிரலும், "விலை பூஜ்ஜியத்துக்குக் கீழே வந்தால் தரவு தப்பு" என்று தள்ளிவிடும் நிரலும் அன்று என்ன செய்திருக்கும்? அதைத் தெரிந்துகொள்ள எந்த லாட்டை வாங்கிப் பார்ப்பீர்கள்?

அரசலாறு

அப்படி ஒரு நாள் வரும் என்று அதற்கு முன்னால் யார் நினைத்தார்கள்? யாரும் நினைக்காததற்கு யாரும் டெஸ்ட் எழுத மாட்டார்கள். நடந்து முடிந்த பிறகு பேசுவது சுலபம்.

வெண்ணாறு

நினைத்தார்கள் அண்ணே. அந்த நியூயார்க் கான்ட்ராக்ட்டை நடத்தும் சிஎம்இ எக்ஸ்சேஞ்ச், எதிர்மறை விலை வரலாம், சோதனைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதே ஏப்ரலில் சில நாட்களுக்கு முன்பே உறுப்பினர்களுக்குச் சொல்லியிருந்தது. டெஸ்ட் இருந்தவர்கள் ஒரு எண்ணை மாற்றி ஓட்டிப் பார்த்திருப்பார்கள், அவ்வளவுதான். இல்லாதவர்கள் அந்தச் சுற்றறிக்கையைப் படித்துவிட்டு மடித்து வைத்திருப்பார்கள்.

தாளடி (நீடாமங்கலம்)

எனக்கு நிரல் தெரியாது, விவசாயம்தான். ஆனால் என்சிடிஇஎக்ஸ் வேளாண் பண்டச் சந்தை விலையைப் பார்த்துக்கொண்டிருந்தவன். 2021 டிசம்பர் 20-ல் செபி (சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பு) பாஸ்மதி அல்லாத நெல், கோதுமை, கொண்டைக்கடலை, கடுகு, சோயா, கச்சா பாமாயில், பாசிப்பயறு இவ்வளவுக்கும் பியூச்சர்ஸை நிறுத்திவைத்தது. நம் பக்கம் கொள்முதல் நிலையத்தில் மூட்டை இறக்குகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. அங்கே ஈரப்பதம்தான் ஒரே பேச்சு. ஆனால் சோயாவில் அன்று கையில் லாட் வைத்திருந்தவர்கள் இருந்தார்களே. உங்கள் மென்பொருள் அன்று காலையில் என்ன செய்யும்?

குடமுருட்டி

ஐயா, எங்கள் நிரலில் ஒரு கான்ட்ராக்ட் நடப்பில் இருக்கும், இல்லாவிட்டால் முடிந்திருக்கும். நடுவில் வேறு நிலையே கிடையாது.

வெண்ணாறு

இந்தத் திரியிலேயே நல்ல கேள்வி ஐயா கேட்டதுதான். அன்று வந்த உத்தரவு: புதிய பொசிஷன் (நிலை, அதாவது கையில் இருக்கும் லாட் கணக்கு) எடுக்கக் கூடாது, இருப்பதை மூட மட்டும் செய்யலாம். கேட்க எளிது, எழுதிப் பார்த்தால் தெரியும்.

கையில் 3 லாட் வாங்கிய நிலை இருக்கிறது. 3 விற்க ஆர்டர் போனால் அனுமதிக்க வேண்டும். 4 விற்கப் போனால் தடுக்க வேண்டும், அந்த நாலாவது லாட் புதிய ஷார்ட் (கையில் இல்லாததை விற்பது). ஏற்கெனவே 3 விற்கும் ஆர்டர் நிறைவேறாமல் காத்திருக்கும்போது இன்னொன்று விற்கப் போனால்? அதையும் தடுக்க வேண்டும். நிலையை மட்டும் பார்க்கும் நிரல் இதில் கோட்டை விடும், காத்திருக்கும் ஆர்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம், வாங்கிய நிலையை விற்ற நிலையாகப் புரட்டும் உத்திகள் இரண்டு மடங்கு அளவில் ஒரே ஆர்டராக அனுப்பும். அது முழுக்க நிராகரிக்கப்பட வேண்டுமா, பாதியாவது போக வேண்டுமா? அதை முடிவு செய்வது உங்கள் முதலாளி. டெஸ்ட் எழுத உட்கார்ந்தால்தான் அந்தக் கேள்வியே அவரிடம் போகும்.

அரசலாறு

கேள்வி நல்ல கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய விபத்துகள் வேறு இடத்தில் நடக்கின்றன. 2012 ஆகஸ்ட் 1, அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற தரகு நிறுவனம். சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் போனது. அவர்களிடம் டெஸ்ட் இல்லாமலா இருந்திருக்கும்? எட்டு சர்வரில் ஒன்றில் புதிய நிரலை ஏற்றாமல் விட்டார்கள். நிரலின் ஒரு துண்டை மட்டும் பார்க்கும் எந்த யூனிட் டெஸ்ட் அதைப் பிடிக்கும்?

வெண்ணாறு

ஏற்றாமல் விட்டது பாதிக் கதை. அந்தச் சர்வரில் உயிர் பெற்றது பல வருஷமாக யாரும் பயன்படுத்தாத பழைய நிரல். ஆர்டர் எவ்வளவு நிறைவேறியது என்று எண்ணி நிறுத்தும் பகுதியை 2005-ல் வேறு இடத்துக்கு மாற்றினார்கள். மாற்றிய பிறகு அந்தப் பழைய நிரல் சரியாக நிற்கிறதா என்று மறுபடி சோதிக்கவில்லை. அமெரிக்கச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி 2013-ல் வெளியிட்ட உத்தரவிலேயே இது இருக்கிறது. "கேட்ட அளவு நிறைவேறிய பிறகு இன்னொரு ஆர்டர் போகக் கூடாது" என்று ஒரே ஒரு டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தால் 2005-லேயே சிவப்பு எரிந்திருக்கும்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எட்டு சர்வரிலும் ஒரே பதிப்புதானா என்று பார்ப்பதும் ஒரு ஆட்டோமேட்டட் சோதனையாக இருக்க வேண்டும். அதை டெஸ்ட் என்று யாரும் மதிப்பதில்லை.

கோரையாறு

குறுக்கே வருகிறேன் அண்ணா. எங்கள் டெஸ்டுகளில் சந்தை மூடும் நேரத்துக்காக ஸ்லீப் (நிரலைச் சும்மா நிற்கவைக்கும் கட்டளை) போட்டுக் காத்திருக்கிறோம். சில நாள் பாஸ், சில நாள் ஃபெயில். யாரும் இப்போது அந்த முடிவைப் பார்ப்பதே இல்லை.

வெண்ணாறு

அதைத் தூக்கிவிடுங்கள். கணினியின் கடிகாரத்தை நிரல் நேராகப் படிக்கக் கூடாது. நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கிற மாதிரி எழுதுங்கள், டெஸ்டில் நீங்கள் சொல்வதுதான் மணி. எம்சிஎக்ஸ் அமெரிக்கக் கோடைக்கால நேரத்தின்போது இரவு 11:30-க்கு மூடும், மற்ற மாதங்களில் 11:55. மார்ச்சிலும் நவம்பரிலும் மாறுகிற அந்த வாரத்துக்கு டெஸ்ட் கட்டாயம் வேண்டும்.

நிஃப்டி கான்ட்ராக்ட் முடியும் நாள் இன்னும் மோசம். "மாதத்தின் கடைசி வியாழன்" என்று எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்! 2025-ல் முதலில் திங்கள் என்று அறிவித்தார்கள், அதைத் தள்ளிவைத்தார்கள், கடைசியில் செப்டம்பர் 1 முதல் செவ்வாய் ஆனது. ஆகஸ்ட் கான்ட்ராக்ட் 28-ம் தேதி வியாழன், செப்டம்பர் கான்ட்ராக்ட் 30-ம் தேதி செவ்வாய். இந்த இரண்டும் ஒரே டெஸ்டில் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். விடுமுறை வந்தால் முந்தைய வர்த்தக நாள்.

அரசலாறு

இதற்கெல்லாம் எக்ஸ்சேஞ்சே சனிக்கிழமைகளில் மாக் செஷன் (ஒத்திகை வர்த்தகம்) நடத்துகிறதே. நிஜ எக்ஸ்சேஞ்ச், நிஜ செய்தி, பணம் மட்டும் நிஜமில்லை. அங்கே போய்ப் பாருங்கள் என்கிறேன். உங்கள் லேப்டாப்பில் இருக்கும் பொம்மையைவிட ஆயிரம் மடங்கு மேல்.

வெண்ணாறு

போகத்தான் வேண்டும். ஆனால் சும்மா போய்வராதீர்கள். அங்கே வருகிற ஒவ்வொரு செய்தியையும் வந்த வரிசையில் பதிவு செய்து கொண்டுவாருங்கள். முதலில் நீங்கள் கேட்டீர்களே, போலி எக்ஸ்சேஞ்ச் நாம் நினைத்தபடிதானே பதில் சொல்லும் என்று. அதற்கு என் பதில் இதுதான். கற்பனையில் எழுதாமல் பதிவிலிருந்து ஓட்டுங்கள். 10 லாட் ஆர்டரில் 6 நிறைவேறியது, நீங்கள் ரத்து அனுப்பினீர்கள், அது போய்ச் சேர்வதற்குள் இன்னும் 2 நிறைவேறியது, மீதி 2 மட்டும் ரத்தானது. பொம்மை எழுதுகிறவருக்கு இந்த வரிசை தோன்றாது. பதிவில் அதுவே வந்து விழும். நிறைவேறியதும் ரத்தானதும் சேர்ந்தால் கேட்ட அளவு வர வேண்டும் என்று எல்லாப் பதிவுக்கும் பாருங்கள்.

அதேபோல் பணத்துக்கு ஒரு விதி. தினசரி மார்க்-டு-மார்க்கெட் தொகைகளை (அன்றன்றைய விலைப்படி வரும் லாப நஷ்டம்) கூட்டினால், விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வித்தியாசத்தை அளவால் பெருக்கியது வர வேண்டும். நடுவில் விலை எப்படி ஆடினாலும் சரி, எதிர்மறைக்குப் போனாலும் சரி. விலைகளைக் கணினியே கண்டபடி உருவாக்கி இரவெல்லாம் ஓட்டட்டும். தொகையைத் தசமமாக வைக்காமல் பைசாவில் முழு எண்ணாக வைக்காவிட்டால் இதில் முதல் மணி நேரத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

தாளடி

லைவ் போன பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது, ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த பிறகு வாய்க்கால் தூர்வாருகிற கதை. அதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்குப் பழகிவிட்டது.

குடமுருட்டி

முதலாளியிடம் −2,884-ஐயும், நிறுத்திவைக்கும் உத்தரவையும் சொன்னேன். ஒரு மாதம் கிடையாது, இரண்டு வாரம் என்கிறார். திரைகளுக்கும் அறிக்கைகளுக்கும் டெஸ்ட் எழுதப்போவதில்லை. பெருக்கும் எண், தேதி, நிலை, மார்க்-டு-மார்க்கெட், இவை மட்டும். மாக் செஷன் பதிவை இந்தச் சனிக்கிழமை எடுக்கிறோம்.

அரசலாறு

எடுங்கள். ஆனால் லைவ் போகிற அன்று ஒரு லாட் போட்டு கான்ட்ராக்ட் நோட்டைப் பார்க்காமல் விடாதீர்கள், நான் அதில் மாற மாட்டேன். தரகு, பரிவர்த்தனை வரி, முத்திரைக் கட்டணம் எல்லாம் அங்கேதான் தெரியும். வரி பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். அதற்கு என்ன டெஸ்ட்?

வெண்ணாறு

போடுங்கள் அண்ணே, கோல்ட் பெடல் மட்டும் வேண்டாம். வரிக்கு, விகிதத்தோடு அமலுக்கு வரும் தேதியையும் சேர்த்து அட்டவணையில் வைக்க வேண்டும். பங்குச் சந்தை பியூச்சர்ஸ் விற்றால் எஸ்டிடி (பரிவர்த்தனை வரி) 2024 செப்டம்பர் 30 வரை 0.0125 சதவீதம், அக்டோபர் 1-ல் 0.02 ஆனது. அந்த இரண்டு தேதிக்கும் ஆளுக்கொரு டெஸ்ட். பழைய கான்ட்ராக்ட் நோட்டுகள் உங்களிடம்தான் நிறைய இருக்கும், பெயரையும் கணக்கு எண்ணையும் அடித்துவிட்டு குடமுருட்டி தம்பிக்கு அனுப்ப முடியுமா?