ஓடிக்கொண்டிருக்கும் கணினியை எதற்காக மாற்ற வேண்டும்?

அச்சுமை (பழைய வண்ணாரப்பேட்டை) கேட்டது:

அப்பா தொடங்கிய சிறிய அச்சகத்தை இப்போது நான் நடத்தி வருகிறேன். திருமண அழைப்பிதழ், பில் புத்தகம், எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளுக்கான நோட்டீஸ், இவை எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி; இவைதான் எங்கள் பிழைப்பு. வடிவமைப்பு வேலைக்கு 2014-இல் வாங்கிய கணினி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10, 2001-இல் வெளிவந்த பேஜ்மேக்கர் 7 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள், அதற்கேற்ற பழைய தமிழ் எழுத்துருக்கள் ஆகியவற்றோடு அது இன்றுவரை என்னைக் கைவிட்டதில்லை. இப்போது பழுது பார்க்க வருபவர், விண்டோஸ் 10-இன் ஆயுள் முடிந்துவிட்டது, இதில் விண்டோஸ் 11 ஏறாது, ஆகவே கணினியையே மாற்றிவிடுங்கள் என்கிறார்.

எனக்கு ஏன் பயம் என்றால், போன மாதம் நடந்தது அப்படி. அச்சு இயந்திரம் இன்னொரு கணினியோடு இணைந்திருக்கிறது; அதன் மென்பொருள் என்னைக் கேளாமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இரவு பத்து மணிக்குத் தகப்பனாரை இழந்த ஒரு பையன் புகைப்படத்தைக் கையில் பிடித்தபடி கல்லாவுக்கு எதிரே நிற்கிறான். நான் வழக்கம்போல் அச்சிடக் கொடுத்தால், 12-க்கு 18 அங்குலத் தாளில் ஏ4 அளவுக்கான படம் மட்டும் விழுந்து, கீழே இருந்த ‘இப்படிக்கு’ வரியும் பெயர்களும் வெட்டுப்பட்டு வருகின்றன. தாள் அளவைத் தேர்வு செய்யும் இடத்தை இரண்டு பட்டியல்களுக்கு உள்ளே கொண்டுபோய் ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்க நாற்பது நிமிடம் ஆயிற்று. அந்தப் பையன் அதுவரை உட்காரக்கூட இல்லை.

அப்பா ஈய எழுத்துகளால் அச்சுக் கோத்தவர். எழுத்துப் பெட்டியில் எந்த அறையில் ‘க’ இருக்கிறது, எந்த அறையில் கொம்பு இருக்கிறது என்று அவருடைய விரலுக்கே தெரியும். இரவோடு இரவாக யாரும் வந்து அந்தப் பெட்டியை மாற்றி அடுக்கிவிட்டுப் போனதில்லை. நான் உண்மையிலேயே இந்தக் கணினியை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

வியாசை பழுதுநர் எழுதியது:

அக்கா, வணக்கம். நான் வியாசர்பாடிக்காரன், ரிச்சி தெருவில் கணினிப் பழுது பார்க்கிறேன். உங்களிடம் வந்தவர் சொன்னதில் பாதி உண்மை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது என்பது சரி. ஆனால் முடிந்தது பாதுகாப்புத் திருத்தங்கள்தானே தவிர, கணினி இல்லை. அது எப்போதும்போல் ஓடும். வீட்டுப் பயன்பாட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பும் கொடுத்திருக்கிறார்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 2017-இல் வந்த எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும். உங்களுடையது 2014 என்பதால் அந்த வரம்புக்குள் வராது.

இணையத்தோடு பேசும் கணினிக்குத்தான் பாதுகாப்புத் திருத்தம் உயிர்நாடி. வடிவமைப்புக் கணினியில் இருக்கும் இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். வாட்ஸ்அப், மின்னஞ்சல், வங்கி எல்லாவற்றையும் மற்ற கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். பென் டிரைவை மட்டும், வாடிக்கையாளர் கொடுத்ததை அப்படியே செருகாமல், முதலில் அந்த மற்ற கணினியில் வைரஸ் சோதனை செய்துவிட்டுக் கொண்டுவாருங்கள். உள்ளே பழைய சுழல்வட்டு (ஹார்ட் டிஸ்க்) இருந்தால், அதற்குப் பதிலாகச் சுழலும் பாகம் இல்லாத சேமிப்பகமான எஸ்எஸ்டி போடுங்கள். புதிய கணினியின் விலையில் சிறு பங்குதான் ஆகும்; வேகத்தில் வித்தியாசம் அன்றே தெரியும். எங்கள் தொழிலில் புதியதை விற்றால்தான் லாபம் என்பதால், இதை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள்.

பெரம்பூர் பென்ஷனர் எழுதியது:

அச்சகத்துப் பெண்மணியின் கோபம் எனக்கு நன்றாகப் புரிகிறது. நான் பெரம்பூர் கேரேஜ் ஒர்க்ஸ் என்ற ரயில் பெட்டிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் கைபேசியில் பணம் செலுத்தும் செயலி ஒன்று இருக்கிறது. அதைத் திறந்ததும் வலது கட்டைவிரல் போய் விழும் இடத்தில் ஸ்கேன் செய்யும் பொத்தான் இருந்தது; காய்கறிக் கடையில் கண்ணாடி இல்லாமலே காரியத்தை முடித்துவிடுவேன். ஒரு நாள் அதே இடத்தில் விரலை வைத்தால், எனக்கு இத்தனை லட்சம் கடன் தயாராக இருக்கிறது என்று ஒரு பக்கம் திறக்கிறது. இதை அழகுபடுத்துதல் என்று சொல்கிறார்கள். என் விரலின் பழக்கத்தைப் பார்த்து வைத்து, அந்த இடத்தில் விளம்பரத்தை வைத்தார்கள் என்றே நான் நம்புகிறேன்.

பட்டறையில் ஒரு நெம்புகோலை இடம் மாற்றுவது என்றால், அதில் வேலை செய்பவனிடம் முதலில் சொல்லியாக வேண்டும்; சொல்லாமல் மாற்றினால் கை போய்விடும். இங்கே போவது கை இல்லை, பணமும் பொறுமையும்தான் என்பதால் சொல்ல வேண்டியதில்லை போலிருக்கிறது.

ஒற்றியூரான் எழுதியது:

ஐயா, உங்கள் கோபத்துக்கு ஆளாக வேண்டியவர்களில் நானும் ஒருவன். செயலிகளின் தோற்றத்தை வடிவமைப்பதுதான் என் வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்ன செய்து முடித்தீர்கள் என்று கேட்கும்போது, நன்றாக இருந்ததைக் கெடுக்காமல் விட்டேன் என்று சொல்லி எங்களில் எவராலும் தப்பிக்க முடியாது. அதனால் ஏதாவது ஒன்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. சோதித்துப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் எங்கள் வயதுப் பிள்ளைகள்தான். பெரிய நிறுவனங்களும் இதில் அடி வாங்கியிருக்கின்றன: 2012-இல் விண்டோஸ் 8 ஸ்டார்ட் பொத்தானை எடுத்தது, எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த ஆண்டே 8.1-இல் அதைத் திருப்பி வைத்தது.

ஆனால் அச்சுமை அக்கா, உங்கள் எழுத்துருக்கள் விஷயத்தில் நான் உடன்படவில்லை. பழைய எழுத்துருக்களில் தமிழ் எழுத்து ஆங்கில எழுத்தின் அறையில்தான் குடியிருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் அர்த்தமற்ற ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். உங்கள் அப்பாவின் பெட்டி ஊருக்கு ஊர் பெரும்பாலும் ஒன்றாக இருந்திருக்கும். இந்தப் பெட்டிகளோ எழுத்துருவுக்கு ஒன்றாக இருந்தன. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் குறியாக்கங்களை (எந்த எழுத்துக்கு எந்த அறை என்ற ஏற்பாடுகளை) தரப்படுத்திப் பார்த்து, பிறகு 2010-இல் உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோடையும், தமிழுக்கென வகுத்த டேஸ்16-ஐயும் ஏற்றது இந்தக் குழப்பத்தால்தான். தேவையில்லாத மாற்றங்களின் கூட்டத்தில் இதையும் தள்ளிவிடாதீர்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பெயர்ப் பட்டியல் யூனிகோடில்தானே வருகிறது? அதை பேஜ்மேக்கரில் ஒட்ட முடியாமல் நீங்கள் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பெயர் பிழையாக விழ வாய்ப்பு இருக்கிறது.

உடனே எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் யூனிகோடிலிருந்து பாமினி முதலான பழைய குறியாக்கங்களுக்கும், அங்கிருந்து யூனிகோடுக்கும் மாற்றித் தரும். புதிய வேலைகளுக்கு, யூனிகோடுத் தமிழைச் சரியாகக் காட்டும் ஸ்கிரைபஸ் 1.6 என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளைக் காசில்லாமல் இறக்கிப் பழகிப் பாருங்கள்.

அச்சுமை எழுதியது:

ஒற்றியூர்த் தம்பி சொன்னது சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் போன ஆண்டு ஒருவர் பெயரில் ‘மூர்த்தி’யை ‘மூர்தி’ என்று அடித்து, முந்நூறு அழைப்பிதழ்களை என் செலவில் மறுபடி அச்சிட்டேன். அதைக் கணினியின் வயதோடு நான் இதுவரை சேர்த்துப் பார்த்ததே இல்லை.

வியாசைத் தம்பி சொன்னபடி வடிவமைப்புக் கணினியின் இணையக் கம்பியை எடுத்துவிட்டேன், எஸ்எஸ்டியும் போட்டாயிற்று. நேற்று கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த காதுகுத்து அழைப்பிதழுக்கான பெயர்களைத் தட்டச்சு செய்யாமல், கன்வெர்ட்டரில் போட்டு எடுத்து பேஜ்மேக்கரில் ஒட்டினேன். தாய்மாமன்கள் நான்கு பேருடைய பெயர்களும் ஒற்று மிகாமல், குறையாமல் வந்தன. ‘ஸ்ரீ’ மட்டும் ஓரிடத்தில் கட்டமாக நின்றது, அதைக் கையால் திருத்தினேன். ஸ்கிரைபஸை ஆடி மாதத்தில் வேலை குறையும்போதுதான் தொட முடியும்.

ஒன்று மட்டும் பாக்கி. அச்சு இயந்திரத்தின் மென்பொருள் தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தும் பொத்தானைத் தேடிக்கொண்டிருக்கிறேன். பழைய பதிப்பில் முதல் பக்கத்திலேயே இருந்தது, இப்போது அதையும் எங்கேயோ மாற்றி வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியோடு இருப்பேன்.