உதவி: படகு எத்தனை மணிக்கு? இனுயிட் மொழியில் மணி புரியவில்லை (அவசரம்)

வழிப்போக்கன்: மணி எத்தனை என்று கேட்க "கஸ்ஸிங்ஙோர்பா" என்று படித்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வரை எண்களும் தெரியும். படகு எப்போது என்று கேட்டதற்கு "ஹல் த்ரே" மாதிரி ஏதோ சொன்னார். என் பட்டியலில் அப்படி ஓர் எண்ணே இல்லை. மூன்று மணியா? படகு இன்றைக்கு!

கயல்: எந்த ஊர்? கனடாவா, கிரீன்லாந்தா?

பனிமலை: இனுயிட் மொழி என்று ஒரே மொழி கிடையாது. கனடாவின் நுனாவுட்டில் இனுக்டிடுட், கிரீன்லாந்தில் கலாலிசுட். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் கேட்டால் யார் பதில் சொல்வது?

கணக்கன்: பழைய இருபது அடிமான எண்ணாக இருக்கும். ஐந்து வரை ஒரு கை. ஆறு, அர்ஃபினில்லித், மறு கைக்குத் தாவுகிறது. பதினொன்று, அக்கனில்லித், காலுக்கு இறங்குகிறது. கால்விரலும் தீர்ந்தால் இருபது. அந்த வரிசையில் தேடுங்கள்.

பனிமலை: கிரீன்லாந்தில் பன்னிரண்டுக்கு மேல் இப்போது அப்படி எண்ணுவதில்லை, டேனிஷ் எண்தான்.

வழிப்போக்கன்: ஊர் நூக், கிரீன்லாந்தின் தலைநகர்.

செல்வி: அப்படியென்றால் அவர் சொன்னதே டேனிஷ்தான். "ஹல் த்ரே" என்றால் இரண்டரை. வரப்போகிற மணியை வைத்துத்தான் அரையைச் சொல்வார்கள். மூன்றுக்குப் போனால் படகு போயிருக்கும்! கலாலிசுட்டில் மணி மூன்று என்றால் பிஙசுங்ஙோர்பொக், மூன்று மணிக்கு என்றால் பிஙசுனுத். சீட்டில் "நல்." என்று போட்டு நேரம் இருக்கிறதா பாருங்கள். நலுனாக்குதக், அதாவது கடிகாரம், அதன் சுருக்கம் அது. பக்கத்தில் 14.30 இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

குமரி: கடிகாரத்தையும் பாருங்கள். 2023 மார்ச்சில் நூக் நேரத்தையே மாற்றிவிட்டார்கள். கிரீன்விச்சுக்கு மூன்று மணி பின்னால் இருந்தது, இரண்டு மணி ஆனது.

பனிமலை: போன் தானாக மாறிக்கொள்ளும். தேவையில்லாமல் பயமுறுத்த வேண்டாம்.

குமரி: புதுப்பிக்காத பழைய போனில் மாறாது. அதோடு 2024 முதல் கோடையில் இன்னொரு மணி முன்னால் தள்ளுகிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே நேரமும் இல்லை, வடகிழக்கே டென்மார்க்ஸ்ஹாவனில் கிரீன்விச் நேரம்தான்.

பனிமலை: அவர் இருப்பது நூக்கில்.

கணக்கன்: எனக்கு இன்னும் அந்த இருபது அடிமானத்தின் மேல்தான் சந்தேகம்.

செல்வி: இது டேனிஷ், கணக்கன். வழிப்போக்கன், சீட்டைப் பார்த்தீர்களா?

வழிப்போக்கன்: 14.30தான். ஏறிவிட்டேன். நன்றி செல்வி.