‘ஆத்தங்கரை வீட்டுச் சொந்தங்கள்’ குழு: ஃபேமிலி மேன் பேஸ்

கவின் (மாலை 6:42): சித்தப்பா, காலேஜ் விழாவுக்கு பாப் மார்லியோட ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ எடுத்திருக்கோம். பேஸ் கிட்டார் நான். நோட்டெல்லாம் சரிதான், ஆனா ரெகே (ஜமைக்கா இசை) மாதிரியே இல்லங்கிறானுங்க. ஆடியோ அனுப்பிருக்கேன், கேட்டுட்டுச் சொல்லுங்க.

முத்துச் சித்தப்பா: கேட்டேன்டா. நோட்டுல தப்பே இல்ல. ஒரு நோட்டை எங்க நிறுத்தணும்ங்கிறதுலதான் கோட்டை விடுற. அந்தப் பாட்டுல பேஸ் யாருன்னு தெரியுமா?

கவின்: பாப் மார்லியோட பேண்டுதானே?

முத்துச் சித்தப்பா: ஆஸ்டன் பேரட். ‘ஃபேமிலி மேன்’னு சொன்னாத்தான் ஜமைக்காவுல தெரியும். ட்ரம்ஸ் அவரோட சொந்தத் தம்பி கார்ல்ட்டன். அண்ணன் 1946, தம்பி 1950, ரெண்டு பேரும் கிங்ஸ்டன்காரங்க. கையில காசு கிடையாது. பிளைவுட்டுல உடம்பு, ரெண்டுக்கு நாலு கட்டைல கழுத்து, ஜன்னல் திரை மாட்டுற கம்பியே தந்தி. அதான் அண்ணனோட முதல் பேஸ். தம்பிக்கு காலி பெயிண்ட் டின்னுதான் ட்ரம்ஸ்.

பிரபு மாமா: வெல்டிங் வேலை பார்த்தவர்தானே? அப்ப செய்யத் தெரிஞ்சிருக்கும்.
நிறையப் புள்ளைங்க இருந்ததாலதான் ஃபேமிலி மேனாம்? 41ன்னு எங்கயோ படிச்சேன் 😄

முத்துச் சித்தப்பா: 41ன்னு அவரே சொல்லிருக்கார், ஆனா பேரு அதுக்கு முன்னாடியே வந்தாச்சு மாப்ள. பேண்டைக் குடும்பம் மாதிரி கட்டிக் காக்கறவன்னு தனக்குத் தானே வச்சுக்கிட்டது.

செல்வி அத்தை: முத்து, புள்ள கேட்டதுக்குப் பதில் சொல்லாம எங்கயோ போற.

முத்துச் சித்தப்பா: இதோ வரேன்க்கா. கவின், நிதானமா எண்ணு: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சாதாரண ராக் பாட்டுல கிக் ட்ரம், அதான் கால் பெடலால அடிக்கற பெரிய ட்ரம், ஒண்ணுல விழும். கார்ல்ட்டன் ஒண்ணைக் காலியா விட்டுட்டு, கிக்கையும் ஸ்னேர்ங்கிற சின்ன ட்ரம்மோட விளிம்புல குச்சியைச் சாய்ச்சு அடிக்கிற அடியையும் சேர்த்து மூணுல போடுவார். அதுக்குப் பேருதான் ஒன் டிராப். கிட்டார்ல வெட்டி அடிக்கற ‘சக்’ ரெண்டுலயும் நாலுலயும். உன் ஆடியோவுல ட்ரம்ஸ்காரத் தம்பி ஒவ்வொரு தடவையும் ஒண்ணுல கிக் போடறான். பாதி பிரச்சினை அவன் கால்ல இருக்கு.

செல்வி அத்தை: அப்ப சமத்துல, தாளத்தோட முதல் எண்ணிக்கைல, அடியே கிடையாதா? நம்ம ஊர்ல பாட்டோட எடுப்பு தள்ளி இருந்தாலும் சமத்துல கை விழுந்துரும். இங்க அந்த இடமே மௌனமா? நல்லாருக்கே.

முத்துச் சித்தப்பா: மனசுக்குள்ள சமம் இருக்கும்க்கா. வெளிய கேக்காது. கேக்கற ஆளே அதை நிரப்பிக்கணும்.

கவின்: மெட்ரோனோம் (தாளம் தட்டற கருவி) நிமிஷத்துக்கு 75 தட்டுல வச்சிருக்கேன் சித்தப்பா. அதுல எண்ணினா டிராப் ரெண்டுலயும் நாலுலயும் வருது. நீங்க மூணுங்கறீங்க?

தேன்மொழி: ரெண்டும் ஒண்ணுதான்டா. 75ல எண்ணினா டிராப் ரெண்டு, நாலு. கிட்டார் சக் நடுவுல வர்ற அரை எண்ணிக்கைல. 150ல எண்ணினா டிராப் மூணு, சக் ரெண்டு நாலு. ஒத்திகைல ஒருத்தன் இதுலயும் ஒருத்தன் அதுலயும் எண்ணினா எல்லாரும் மாத்தி மாத்திக் குறை சொல்லிட்டே இருப்பீங்க. முதல்ல எந்த எண்ணிக்கைன்னு பேசி முடிவு பண்ணுங்க.

முத்துச் சித்தப்பா: இப்ப உன் கை. விரல் வைக்காம திறந்த ஏ தந்தியை வாசிக்கற, அது நீ நிறுத்தச் சொன்னாலும் நிக்காம கொஞ்சம் இழுக்குது. ஈ தந்தில அஞ்சாவது ஃப்ரெட்டுல (கழுத்துல இருக்கற கட்டம்) ஏ நோட்டை எடு. சி ஷார்ப் ஏ தந்தில நாலாவது, ஈ அதே தந்தில ஏழாவது. டி வரும்போது இதே கை அமைப்பை ஒரு தந்தி தள்ளிப் போட்டாப் போதும். இடது விரலை லேசாத் தூக்கினா நோட்டு அங்கயே அறுந்துடும், அதான் வேணும். ஃபேமிலி மேன் வாசிச்சதைப் பாட்டுப் பாடற மாதிரி வாயால முணுமுணுத்துப் பாரு. ஒவ்வொரு வரிக்கும் நடுவுல மூச்சு விட இடம் இருக்கும்.

கவின்: சத்தமும் வேற மாதிரி இருக்கு. என்னோடது ‘கிண் கிண்’ங்குது, அவரோடது ‘தொம்’னு இருக்கு.

முத்துச் சித்தப்பா: அவரோடது ஃபெண்டர் ஜாஸ் பேஸ், மேல் சுத்து தட்டையா இருக்கற ஃப்ளாட்வூண்ட் தந்தி. உன்னோடது புதுசா மாட்டின, சுத்து உருண்டையா இருக்கற ரவுண்ட்வூண்ட், அது அப்படித்தான் கிணுகிணுக்கும். விழாவுக்காக ஃப்ளாட்வூண்ட் வாங்க வேணாம், விலை ஜாஸ்தி. பாத்திரம் கழுவற புது ஸ்பாஞ்சுல விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வெட்டி, தந்தி முடியற பிரிட்ஜை ஒட்டி தந்திக்கு அடியில செருகு. தந்தி ஸ்பாஞ்சைத் தொட்டா போதும். அமுக்கினா சுருதியே ஏறிடும். டோன் குமிழை முழுசா அடைச்சிடு. நகம் படாம விரல் சதையால, கழுத்து முடியற இடத்துக்குப் பக்கத்துல இழு.

பிரபு மாமா: பின்னாடி ஃப்ளாட்வூண்ட் மாட்டினா கழுத்து முன்னாடி வளையும், அதையும் சொல்லிடுங்க.

முத்துச் சித்தப்பா: ஆமா மாப்ள. பொதுவா இழுவிசை கூடுதல். மாட்டி ஒரு நாள் விட்டுட்டு, முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அமுக்கிப் பிடிச்சு, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் இடைவெளி பாரு. ஒரு விசிட்டிங் கார்டு கனம் இருந்தா சரி. அதுக்கு மேல போனா கழுத்துக்குள்ள இருக்கற ட்ரஸ் ராட் கம்பியைக் கால் சுத்து இறுக்கு, அதுக்கு மேல ஒரே நாள்ல கூடாது.

தேன்மொழி: போன்ல கேட்டு எதையும் முடிவு பண்ணாத. பேஸோட கீழ் ஈ 41 ஹெர்ட்ஸ், ஏ 55. போன் ஸ்பீக்கர்ல அது வரவே வராது. ஹெட்போன் போட்டு ‘எக்ஸோடஸ்’ ஆல்பத்தைக் கேளு, 1977. அதுலயே ‘எக்ஸோடஸ்’ங்கிற பாட்டுல கிக் நாலு எண்ணிக்கைலயும் விழும், அது ஸ்டெப்பர்ஸ். அடுத்து ‘த்ரீ லிட்டில் பேர்ட்ஸ்’ போட்டா வித்தியாசம் தானா காதுல விழும். கார்ல்ட்டனோட ஸ்னேரையும் கவனி, தோலை எவ்வளவு இறுக்கமா ஏத்தி வச்சிருக்கார்னு. பாட்டு ஆரம்பத்துல வர்ற உருட்டல்லயே ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்.

கவின்: இவங்க ரெண்டு பேரும் எப்ப மார்லிகூடச் சேர்ந்தாங்க?

முத்துச் சித்தப்பா: 1970 வாக்குல. அதுக்கு முன்னாடி ஹிப்பி பாய்ஸ்னு ஒரு குழு, அப்புறம் தயாரிப்பாளர் லீ பெர்ரியோட அப்செட்டர்ஸ் குழு. ஃபேமிலி மேனோட முதல் ரெக்கார்டிங் 1968ல யுனீக்ஸ் குழுவுக்கு. 1969ல ஹாரி ஜே ஆல் ஸ்டார்ஸ் பேருல ‘லிக்விடேட்டர்’ வந்து இங்கிலாந்துல 9வது இடம் வரைக்கும் போச்சு. அந்த பேஸ் இவர்தான். 1972ல அமெரிக்காவுல ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் பாடி முதலிடத்துக்குப் போன ‘ஐல் டேக் யூ தேர்’, அதோட தொடக்கத்தையும் ‘லிக்விடேட்டர்’ தொடக்கத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளு.

கவின்: அய்யோ, அப்படியே இருக்கு!!

செல்வி அத்தை: அவருக்குக் காசு ஏதாவது வந்துச்சா?

தேன்மொழி: பேரே வரல அத்தை. வாசிச்சவருக்கு அன்னிக்கு ரெக்கார்டிங் கூலி, அவ்வளவுதான். பாட்டுக்கு ரெண்டு வகை வருமானம் உண்டு. எழுதினவருக்குப் போறது ஒண்ணு, பதிவுக்குப் போறது இன்னொண்ணு. பேஸ் வரியை உருவாக்கினவர் எழுத்தாளரா கணக்குல வரணும்னா ஆரம்பத்துலயே பேரு ஏறிருக்கணும். 2006ல ஃபேமிலி மேன் லண்டன் கோர்ட்டுல யூனிவர்சல்-ஐலண்ட் ரெக்கார்டு கம்பெனி மேலயும் மார்லி குடும்பத்து மேலயும் 6 கோடி பவுண்ட் கேட்டுப் போட்ட வழக்குல தோத்துட்டார். 1994லயே 5 லட்சம் டாலர் வாங்கிக்கிட்டு இனி கேக்க மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருந்தார்.

பிரபு மாமா: ‘ஹூ த கேப் ஃபிட்’ பாட்டுல அண்ணன் தம்பி ரெண்டு பேர் பேருமே இருக்கே?

தேன்மொழி: இருக்கு மாமா, ஆனா அந்தக் காலத்துப் பேரை அப்படியே நம்ப முடியாது. பழைய பதிப்பக ஒப்பந்தத்துல மாட்டக் கூடாதுன்னு மார்லி தன் பாட்டை மத்தவங்க பேருல போட்டார். ‘நோ வுமன் நோ க்ரை’ அவர் நண்பர் வின்சென்ட் ஃபோர்டு பேருல இருக்கறது அப்படித்தான். 1973லேர்ந்து 76 வரைக்கும் 13 பாட்டு, 2014ல லண்டன் கோர்ட்டுல அது தனி வழக்கா வந்துச்சு. ஆக பேரு இருந்தா எழுதினார்னும் சொல்ல முடியாது, இல்லாட்டி எழுதலன்னும் சொல்ல முடியாது.

முத்துச் சித்தப்பா: எனக்கு இதுல தீர்ப்பை விட அந்த 1994 தாள்தான் உறுத்துது. கோர்ட்டு என்ன பண்ணும், கையெழுத்தைத்தான் பார்க்கும்.

செல்வி அத்தை: தம்பி என்ன ஆனார்?

முத்துச் சித்தப்பா: 1987 ஏப்ரல் 17. கிங்ஸ்டன்ல வீட்டு வாசல்லயே சுட்டுட்டாங்கக்கா. 36 வயசு. அண்ணன் 2024 பிப்ரவரி 3ல மயாமில போனார். 11 நாள் கழிச்சு மார்லி படம் ரிலீஸ். அதுல ஃபேமிலி மேனா நடிச்சது அவர் மகன் ஆஸ்டன் பேரட் ஜூனியர்தான். மார்லியோட வெய்லர்ஸ் பேண்டை இப்ப நடத்தறதும் அந்த மகன்தான். இன்னொரு பெரிய ஜமைக்கா பேஸ்காரர் ராபி ஷேக்ஸ்பியரும் ஃபேமிலி மேன்கிட்ட பேஸ் கத்துக்கிட்டவர்தான், ‘கேட்ச் எ ஃபயர்’ ஆல்பத்துல ‘கான்க்ரீட் ஜங்கிள்’ பேஸ் அவரோடது.

கவின் (இரவு 9:15): ஸ்பாஞ்சு வச்சாச்சு, அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மாத்தியாச்சு. புது ஆடியோ அனுப்பிருக்கேன்.

முத்துச் சித்தப்பா: ம், இப்பத்தான் ‘தொம்’னு இருக்கு. ஆம்ப்பைச் சுவர் மூலைலேர்ந்து ஒரு மூணடி தள்ளி வை, ஏ நோட்டு மட்டும் குழாய்க்குள்ள கத்தற மாதிரி வீங்குது.

தேன்மொழி: ரெண்டாவது வரில அந்த ஃபில் (இடைவெளியை நிரப்பற கூடுதல் நோட்டு) எதுக்குடா? பாடற பொண்ணு குரல் அமுங்குது.

கவின்: சரிக்கா, எடுத்துடறேன்.

செல்வி அத்தை: கிக்கு இன்னும் ஒண்ணுல விழுதே!

முத்துச் சித்தப்பா: ஆமாக்கா. கவின், நாளைக்கு அந்தத் தம்பியை ஒரு பத்து நிமிஷம் பெடல்லேர்ந்து காலை எடுத்துட்டு வெறும் கையால மூணுல மட்டும் ஸ்னேர் விளிம்பைத் தட்டச் சொல்லு. கை பழகினப்புறம் காலைச் சேர்க்கட்டும்.

கவின்: 👍🏾