சமூக வழங்கிகளைக் கண்காணிக்கும் கட்டற்ற கருவி: எதைச் சோதிப்பது, எங்கிருந்து சோதிப்பது?

கேள்வி

வணக்கம். தன்னார்வலர்கள் நடத்தும் மாஸ்டடான் (பல வழங்கிகள் இணைந்த சமூக வலைத்தளம்), மேட்ரிக்ஸ் (அதேபோன்ற உரையாடல் சேவை) வழங்கிகள் (சர்வர்கள்) தடையின்றி இயங்குகின்றனவா என்று கண்காணித்து, முடிவுகளைப் பொதுவான நிலைப் பக்கம் ஒன்றில் காட்டும் கட்டற்ற மென்பொருளை எழுதி வருகிறேன். இப்போதைய வடிவம் நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வழங்கியின் முகப்புப் பக்கத்தையும் கோருகிறது; கோரிக்கை நிறைவேறியதைக் குறிக்கும் 200 என்ற குறியீடு வந்தால் ‘இயங்குகிறது’ என்றும், பத்து விநாடிக்குள் வராவிட்டால் ‘முடக்கம்’ என்றும் எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் பதிகிறது.

இதில் இரண்டு சிக்கல்கள் தெரிகின்றன. பதிவுகள் பிற வழங்கிகளைச் சென்றடையவில்லை என்று பயனர்கள் முறையிடும் நேரத்திலும் கருவி பச்சை நிறத்தையே காட்டுகிறது. கருவி இருக்கும் இடத்தின் இணைப்பு தடுமாறினாலோ, நலமாக உள்ள வழங்கிகள் எல்லாம் ஒரே நொடியில் சிவப்பாகிவிடுகின்றன. அப்டைம் கூமா போன்ற கட்டற்ற கண்காணிப்புக் கருவி ஏற்கெனவே இருக்கும்போது இதைத் தொடர்வது தேவைதானா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

மறுமொழி 1

முகப்புப் பக்கத்தை நம்ப வேண்டாம். பக்கங்களின் நகலை வைத்திருந்து விரைவாகத் தரும் இடைநிலை வலையமைப்பான சிடிஎன் தன் தற்காலிகச் சேமிப்பிலிருந்தே அதைத் தந்துவிடக்கூடும் என்பதால், உள்ளே தரவுத்தளம் நின்றுபோயிருந்தாலும் உங்களுக்கு 200 கிடைக்கும். மாஸ்டடானில் வலைப் பகுதி, புதிய பதிவுகளை உடனுக்குடன் காட்டும் ஸ்ட்ரீமிங், பின்னணிப் பணிகளை வரிசையாகச் செய்யும் சைட்கிக், தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், நினைவகச் சேமிப்பான ரெடிஸ் ஆகியவை தனித்தனியே இயங்குகின்றன. பதிவுகளைப் பிற வழங்கிகளுக்குக் கொண்டுசேர்ப்பது சைட்கிக். அதன் வரிசை தேங்கினால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவுமே தெரியாது.

ஆகவே சோதனையின் திசையை மாற்ற வேண்டும். வழங்கிக்குள் சிறு பணி ஒன்றை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அதே வரிசையில் சேர்த்து, அதன் முறை வந்து நிறைவேறும்போது அது உங்கள் கருவியை அழைக்குமாறு செய்யுங்கள். அழைப்பு வரத் தாமதமானால் வரிசை தேங்கியிருக்கிறது என்று பொருள். வரிசையில் எத்தனை பணிகள் உள்ளன என்ற எண்ணிக்கையைவிட, முதலில் நிற்கும் பணி எவ்வளவு நேரமாகக் காத்திருக்கிறது என்பதே பயனரின் அனுபவத்துக்கு நெருக்கமான அளவு.

மேட்ரிக்ஸிலும் இப்படித்தான்: பயனர் உள்நுழைந்து உரையாட முடிந்தாலும், பிற வழங்கிகளுடன் பேசும் வழி, இயல்பாக 8448 ஆம் போர்ட் (இணைப்பு வாயில்), அடைபட்டிருக்கலாம். அதைத் தனியே சோதியுங்கள்.

மறுமொழி 2

இரண்டாவது சிக்கலுக்கு ஒரே இடத்திலிருந்து சோதிப்பதுதான் காரணம். வெவ்வேறு வலையமைப்புகளில் மூன்று சோதனை முனைகளை வைத்து, குறைந்தது இரண்டு ஒத்துக்கொண்டால் மட்டும் முடக்கம் என்று அறிவியுங்கள். ஒரு முனைக்கு மட்டும் எல்லா வழங்கிகளும் ஒரே சமயத்தில் எட்டாமல் போனால், பழுது அந்த முனையில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தில் அது தரும் முடிவுகளை ‘அறியப்படவில்லை’ என்று பதிந்து, வழங்கி இயங்கிய நேரத்தின் விழுக்காட்டுக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். தன்னார்வலர் ஒருவரின் உழைப்பைப் பற்றிப் பொதுவெளியில் எண் ஒன்றை வெளியிடுகிறோம் என்பதால், இந்த நேர்மை மிகவும் அவசியம் என்று கருதுகிறேன்.

அந்த எண்ணுக்கு உள்ள எல்லையையும் கவனியுங்கள். 30 நாட்களில் 99.9 விழுக்காடு என்றால் 43 நிமிடம் 12 விநாடி முடக்கம், 99.99 என்றால் 4 நிமிடம் 19 விநாடி மட்டுமே. நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்கும் கருவி பின்னதை உறுதியாகச் சொல்ல இயலாது.

நிலைப் பக்கமும் எச்சரிக்கையும் கண்காணிக்கப்படும் வழங்கியைச் சார்ந்திருக்கக் கூடாது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியபோது, தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் அதன் டிஎன்எஸ் வழங்கிகளை அடையும் வழிகளே இணையத்திலிருந்து மறைந்திருந்தன. சரிசெய்யத் தேவைப்பட்ட உள் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் பயன்படாமல் போயின. மேட்ரிக்ஸ் வழங்கி விழுந்த செய்தியை அதே வழங்கியின் அறைக்கு அனுப்பினால் யாருக்கும் கிடைக்காது.

மறுமொழி 3

ஒரே ஒரு சமூகத்துக்கு மட்டும் என்றால் அப்டைம் கூமாவே போதும். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் இடம்தரும் எம்ஐடி உரிமத்தில் வருகிறது. முதல் மறுமொழியில் சொன்ன, உள்ளிருந்து அழைக்கும் முறைக்கும் அதில் இடமுண்டு. பல வழங்கிகள், பல முனைகள், அவற்றுக்கிடையே ஒப்புதல் என்பதே உங்கள் நோக்கம் என்றால் புதிய கருவிக்குத் தேவை இருக்கிறது; தொடருங்கள்.

யார் வேண்டுமானாலும் முகவரி சேர்க்கலாம் என்று திறந்துவிடும் முன் பாதுகாப்பை நன்றாகச் சிந்தியுங்கள். கருவி இயங்கும் கணினியையே குறிக்கும் 127.0.0.1 அல்லது மேகக் கணினிகளின் உள்தகவல் தரும் 169.254.169.254 ஆகியவற்றை ஒருவர் கொடுத்தால், உங்கள் கருவியே உங்கள் உள்வலையமைப்பைத் துழாவத் தொடங்கும். பெயரை எண் முகவரியாக மாற்றிய பிறகும், தளம் வேறு முகவரிக்கு அனுப்பும் ஒவ்வொரு திசைமாற்றத்தின்போதும் அம்முகவரியைச் சரிபார்க்க வேண்டும்.

நிமிடத்துக்கு ஒரு சோதனை முடிவைப் பதிந்தால் ஒரு வழங்கிக்கே ஆண்டுக்கு 5,25,600 முடிவுகள் சேரும். நிலை மாறிய நேரங்களையும் மணிநேரத் தொகுப்பையும் மட்டும் நெடுநாள் வைத்திருந்தால் எஸ்கியூலைட் தாங்கும். கோரிக்கைகள் மிகுதி என்று பொருள்படும் 429 குறியீடு வந்தால் முடக்கம் என்று பதியாமல் சோதனை இடைவெளியை நீட்டுங்கள். அந்த வழங்கி உயிரோடுதான் இருக்கிறது.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. உள்ளே பணி எதையும் நிறுவ விரும்பாத நிர்வாகிகளின் வழங்கிகளை எப்படிக் காட்டுவது?

மறுமொழி 1

வலைப் பகுதிக்கும் பதிவு விநியோகத்துக்கும் நிலைப் பக்கத்தில் தனித்தனி நெடுவரிசைகள் வையுங்கள். வெளியிலிருந்து கண்டதை முதல் நெடுவரிசையில் காட்டி, இரண்டாவதைச் சாம்பல் நிறத்தில் ‘அளக்கப்படவில்லை’ என்று விட்டுவிடுங்கள். அங்கே பச்சையை ஊகித்து நிரப்ப வேண்டாம்.